பிடித்தமா? பிடிமானமா?

(மே தினச் சிறப்புப் பட்டிமன்றம், ஸ்ரீபெரும்புதூர். தலைப்பு: தொழிலாளியைக் காப்பது கட்டாயக் காப்பீடா? கைநிறையச் சம்பளமா? ‘கட்டாயக் காப்பீடே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசி உங்களையெல்லாம் ஏறக்குறைய மயக்கி வைத்திருக்கிற எதிரணித் தலைவி அம்மா அவர்களுக்கும், முதல் ஷிப்ட் முடித்து யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்கும் என் வணக்கம்.

ஐயா, அம்மா பேசும்போது நான் உங்கள் கைதட்டலைத்தான் கவனிச்சுக்கிட்டு இருந்தேன். “எனக்குப் பிடித்தமும் வேண்டாம், பிச்சையும் வேண்டாம், என் சம்பளத்தை முழுசா என் கையில குடுங்க, என் உடம்பை நான் பார்த்துக்கிறேன்”னு சொன்னாங்க பாருங்க, அப்போ விழுந்த கைதட்டல்தான் இன்றைக்கு இந்தப் பந்தலிலேயே பெரிய கைதட்டல். அதிலே எங்க அணிக்காரர் ஒருத்தரும் சேர்ந்து தட்டினார்! (சிரிப்பு)

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். மாதக் கடைசியிலே சம்பளச் சீட்டை வாங்கிப் பார்க்கிறான் தொழிலாளி. பி.எஃப். பிடித்தம், கேன்டீன் பிடித்தம், பஸ் பிடித்தம், இ.எஸ்.ஐ. பிடித்தம். இத்தனை பிடித்தம் இருந்தும் அதிலே அவனுக்குப் பிடித்தது ஒண்ணுகூட இல்லை! (சிரிப்பு, கைதட்டல்)

நான் கல்லூரியிலே வரலாறு சொல்லிக் கொடுக்கிறவன். “இந்தத் தலைப்புக்கு ஒரு டாக்டரைக் கூப்பிடாம வரலாற்று வாத்தியாரை ஏன்யா கூப்பிட்டீங்க?”ன்னு சிலர் கேட்கலாம். டாக்டருக்கு நோய் தெரியும். ஆனால் இந்தப் பிடித்தம் எப்படி வந்தது, யார் யார் வேண்டாம் என்றார்கள், அந்த வேண்டாம் பிறகு எப்படி வேணும் என்று ஆனது, இது வரலாற்றுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலிலே கணக்கைப் பேசிவிடுவோம். 18,000 ரூபாய் சம்பளம் வாங்குகிற ஒரு தங்கைக்கு இ.எஸ்.ஐ. பிடித்தம் எவ்வளவு? 2019 ஜூலையிலிருந்து தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். அதாவது மாதம் 135 ரூபாய். வேலை நாள் 26 என்று வைத்தால் ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய் சொச்சம். வெளியே சுங்குவார்சத்திரம் முனையிலே அந்தக் காசுக்கு அரை டீ கூடக் கிடைக்காது. முதலாளி பங்கு நூற்றுக்கு மூணேகால் ரூபாய், அதாவது 585. அம்மா சொன்னபடி பிடித்தத்தை நிறுத்தினால் இந்தத் தங்கை கைக்கு 135 ரூபாய் வரும். ஆனால் அந்த 585 யார் கைக்குப் போகும்? அதைச் சொல்லாமலே உட்கார்ந்துட்டாங்களே! (கைதட்டல்)

“சரி சார், கொஞ்சம் காசுதான். ஆனா என் காசை என்னைக் கேட்காமப் பிடிக்க நீ யாரு?” இது நியாயமான கேள்வி. நம்ம ஊர் வழக்கத்திலிருந்தே பதில் சொல்றேன்.

நாம மொய் எழுதுறோம். மொய் எழுதணும்னு எந்தச் சட்டப் புத்தகத்திலேயாவது இருக்கா? இல்லை. எழுதாமப் போய்ப் பாருங்க! (சிரிப்பு) நாலு ஊருக்கு உங்க பேர் தெரிஞ்சுடும். ஏன்? ஒருத்தன் வீட்டுச் செலவை ஊரே தோள் மாத்திச் சுமக்கிற ஏற்பாடு அது. ஒருத்தன் நழுவினால் அடுத்தவனும் நழுவுவான், நோட்டு கிழிஞ்சுடும். ஆனால் மொய்க்குக் கல்யாணத் தேதி முன்கூட்டியே தெரியும். மெஷினிலே கை மாட்டுகிற தேதியை யாரும் பத்திரிகை அடிச்சுக் கொடுக்கிறதில்லை. அதனாலேதான் மொய்யை ஊர்க்கட்டாயத்தோடு விட்ட உலகம், காப்பீட்டைச் சட்டக் கட்டாயம் ஆக்கியது.

இதற்கு முன்னால் என்ன இருந்தது? ரொம்ப தூரம் போக வேண்டாம். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் சாலையைப் பிடித்துப் போய், பழைய சீவரத்திலே பாலாற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகிற இடம். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயிலிலே வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டு. அந்தக் கோயிலோடு சேர்ந்து ஓர் ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி இருந்ததாக அது சொல்கிறது. படுக்கை 15. ஒரு வைத்தியர், அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டு வர ஆள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், அத்தனை பேருக்கும் நெல் கூலி. என்னென்ன மருந்து இருப்பில் வைக்கணும் என்றுகூடக் கல்லிலே வெட்டியிருக்கிறார்கள்.

நாம பெருமைப்படலாம். பெருமைப்பட்டுட்டு ஒரு கேள்வி கேட்கணும். அந்த 15 படுக்கை யாருக்கு? அந்தக் கோயிலிலே வேலை பார்த்தவர்களுக்கும் அங்கே படித்த மாணவர்களுக்கும். ஆற்றுக்கு இந்தக் கரையிலே ஏர் உழுதவனுக்கு அதிலே எழுதிக் கொடுத்த உரிமை கிடையாது. அரசன் தானமாகக் கொடுத்தது. தானம் கொடுக்கிறவன் இருக்கிறவரைக்கும் வரும். அம்மா சொல்லுகிற “நல்ல முதலாளி இருந்தால் அவரே பார்த்துக்குவார்” என்பது இந்தக் கல்வெட்டுக் காலத்து ஏற்பாடு. கல்வெட்டு இன்னும் இருக்கிறது. படுக்கை எங்கே? (கைதட்டல்)

தானத்தை உரிமையாக மாற்றியது எப்போது? 1883. ஜெர்மனி. பிஸ்மார்க். அவர் ஒண்ணும் தொழிலாளியின் தோழர் இல்லை. 1878-லே சோஷலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் போட்ட அதே மனிதர். ஒரு கையிலே தடி எடுத்தவர் மறு கையிலே காப்பீடு எடுத்தார், தொழிலாளி அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே என்று. உலகத்திலே முதல் கட்டாய நோய்க் காப்பீட்டுச் சட்டம் அது. தொழிலாளி மூணிலே ரெண்டு பங்கு, முதலாளி ஒரு பங்கு. நோய் வந்தால் வைத்தியம். கூடவே அரைச் சம்பளம், 13 வாரம் வரைக்கும். வேடிக்கை என்னவென்றால், தொழிலாளிகளின் பிரதிநிதிகளே நாடாளுமன்றத்திலே அதை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். “இது எங்களை விலைக்கு வாங்கப் பார்க்கிற வேலை”ன்னு. இன்றைக்கு அந்த நாட்டிலே போய்க் காப்பீட்டை எடுத்துடலாமான்னு ஒரு தொழிற்சங்கத்தைக் கேட்டுப் பாருங்க!

அடுத்தது 1911, இங்கிலாந்து. லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சர். தொழிலாளி வாரம் நாலு பென்ஸ், முதலாளி மூணு பென்ஸ், அரசாங்கம் ரெண்டு பென்ஸ். நாலு போட்டால் ஒன்பது என்று ஊர் ஊராகப் பேசினார். ஒவ்வொரு வாரமும் முதலாளி ஒரு அட்டையிலே ஸ்டாம்ப் ஒட்டணும். வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கும் சேர்த்து. என்ன நடந்தது தெரியுமா? லண்டன் ஆல்பர்ட் ஹாலிலே எஜமானி அம்மாமார்களும் வேலைக்காரப் பெண்களும் ஒண்ணாக் கூடி, “எங்களை ஸ்டாம்ப் நக்க வைக்கிறியா?”ன்னு எதிர்ப்புக் கூட்டம் போட்டாங்க! (சிரிப்பு) டாக்டர்கள் சங்கமும் எதிர்த்தது. அதையெல்லாம் மீறித்தான் அது வந்தது. வந்த பிறகு எடுக்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதற்கு மேலே போய் 1948 ஜூலை 5-லே, வரிப் பணத்திலே எல்லாருக்கும் இலவச மருத்துவம் என்று ஆக்கினார்கள்.

அமெரிக்காவிலே 2010-லே ஒபாமா காலத்தில் எல்லாரும் காப்பீடு எடுக்கணும்னு சட்டம் வந்தது. எடுக்காதவருக்கு அபராதம். உடனே வழக்கு. 2012-லே உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2017-லே வேறு அரசாங்கம் வந்து அபராதத்தைச் சுழியம் ஆக்கியது. 2019-லே அது நடைமுறைக்கு வந்தது. ஆக, எந்த ஊரிலேயும் கட்டாயக் காப்பீட்டை மாலை போட்டு வரவேற்றதாக வரலாறே இல்லை. எதிரணி அம்மாவுக்கு 140 வருஷப் பாரம்பரியம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். (சிரிப்பு)

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். 1931-லே விட்லி கமிஷன் என்று அழைக்கப்பட்ட தொழிலாளர் ராயல் கமிஷன், இந்தியத் தொழிலாளிக்கு நோய்க் காப்பீடு வேணும் என்று சொல்லிவிட்டது. சொல்லி 12 வருஷம் கழித்து, 1943 மார்ச்சிலேதான் பேராசிரியர் பி.பி. அடார்கரிடம் ஒரு திட்டம் தயார் பண்ணச் சொன்னார்கள். அப்போது வைஸ்ராய் நிர்வாகக் குழுவிலே தொழிலாளர் துறை யாரிடம் இருந்தது? டாக்டர் அம்பேத்கரிடம். அடார்கர் அறிக்கை கொடுத்த தேதியைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்: 1944, ஆகஸ்ட் 15. சுதந்திரத்துக்குச் சரியாக மூணு வருஷம் முன்னாலே. அதிலிருந்துதான் 1948-லே தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் வந்தது. நாம இ.எஸ்.ஐ. என்கிற மூணெழுத்து அதுதான்.

சட்டம் வந்தது, திட்டம் வரவில்லை. நாலு வருஷம் ஆயிற்று. ஏன்? கான்பூரிலும் டெல்லியிலும் முதலிலே தொடங்கலாம் என்றார்கள். அந்த ஊர் முதலாளிகள் கேட்டார்கள்: “நாங்க மட்டும் காசு கட்டணும், பம்பாய்க்காரன் கட்ட வேண்டாமா? அவன் துணி மலிவா வித்துட்டுப் போயிடுவானே?” அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதனாலே 1951-லே சட்டத்தைத் திருத்தி, திட்டம் போய்ச் சேராத ஊர் முதலாளிகளும் ஒரு சிறு தொகை கட்டணும் என்று வைத்தார்கள். இந்த இடத்தைத் தம்பிகள் நல்லாக் கவனிக்கணும். இந்த நாட்டிலே காப்பீட்டுக் கட்டாயம் முதலிலே இறுக்கிப் பிடித்தது தொழிலாளியை இல்லை, முதலாளியை! ஒருத்தன் கட்டி ஒருத்தன் கட்டாவிட்டால் கட்டினவன்தான் நஷ்டப்படுவான். அதற்குப் பிறகுதான் 1952 பிப்ரவரி 24-லே கான்பூரில் நேரு திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1955-லே நம்ம கோயம்புத்தூருக்கு வந்தது. அதே வருஷம் சென்னைக்கும் வந்தது.

கோயம்புத்தூர் என்றதும் நான் என் அப்பாவைச் சொல்லித்தான் ஆகணும். அவர் அங்கே ஒரு பஞ்சாலையிலே வேலைக்குச் சேர்ந்ததும் அதே 1955-லேதான். “நான் சேர்ந்தேன், கூடவே புடுங்கலும் சேர்ந்துச்சு கண்ணு” என்பார். பிடித்தத்துக்கு அவர் வைத்த பேர் புடுங்கல்! (சிரிப்பு) திடகாத்திரமான ஆள். காய்ச்சல் வந்தால் சுக்கு. தலைவலிக்கும் சுக்கு. “நோவே வராத எனக்கு எதுக்குங்க இந்தக் காசு?”ன்னு சங்கக்காரர்களிடம் சண்டை போட்டவர். இன்றைக்கு அம்மா பேசின பேச்சை எங்க வீட்டுத் திண்ணையிலே நான் சின்ன வயசிலேயே கேட்டுட்டேன்.

1974-லே கார்டிங் மெஷினிலே அவருடைய வலது கையில் ரெண்டு விரல் போய்விட்டது. எனக்கு ஏழு வயசு. அந்த ராத்திரி அம்மா அழுததைவிட, அம்மா கேட்ட ஒரு கேள்விதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. “விரல் போச்சு, சரிங்க. அடுத்த வெள்ளிக்கிழமை அரிசிக்கு என்னங்க பண்றது?”

வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளிலே மருத்துவத்துக்கு நாலு பேர் வேணும் என்கிறார். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவர். வள்ளுவர் காலத்திலே மாதச் சம்பளம் கிடையாது. இருந்திருந்தால் ஐந்தாவதாக ஒன்று சேர்த்திருப்பார்: படுத்த நாளைக்குக் கூலி. (பலத்த கைதட்டல்) எங்கம்மா கேட்டது அந்த ஐந்தாவதைத்தான்.

அது வந்தது. வேலைக்குப் போகாத நாளுக்கெல்லாம் உதவித்தொகை வந்தது. பிறகு மெடிக்கல் போர்டு. சட்டத்திலே ஒரு அட்டவணை இருக்கிறது ஐயா. ஒரு கையிலே ரெண்டு விரல் போனால் சம்பாதிக்கும் சக்தியிலே 20 சதவீதம் இழப்பு. கட்டை விரல் முழுசாகப் போனால் 30 சதவீதம். படிக்கும்போது நெஞ்சு பதறும். மனுஷன் விரலுக்கு விலையா என்று. ஆனால் அந்த அட்டவணை இல்லாத காலத்திலே ரெண்டு விரலுக்கு விலை என்ன தெரியுமா? கேட்டுக்குள்ளே விடாதே என்பதுதான் விலை. அட்டவணைப்படி அப்பாவுக்கு மாதாமாதம் ஒரு சின்னத் தொகை, அவர் கண் மூடுகிற வரைக்கும் வந்தது. அந்த மில் அவருக்கு முன்னாலேயே கண்ணை மூடிவிட்டது. மில் மூடிய பிறகும் விரலுக்கான பணம் நிற்கவில்லை. என் முதல் வருஷக் கல்லூரிக் கட்டணத்திலே அதுவும் இருந்தது. புடுங்கல் என்ற வார்த்தையை அப்பா கடைசிவரை விடவில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பின்னாலேதான் வைத்திருந்தார்.

சரி, “அது பஞ்சாலைக் காலம் சார். இது ரோபோ காலம்” என்பீர்கள். இந்தச் சாலைக்கு வருவோம். 1996-லே இருங்காட்டுக்கோட்டையிலே ஹூண்டாய் வேலையைத் தொடங்கி 1998-லே கார் வெளியே வந்தது. 2006-லே நோக்கியா வந்தது, 2014-லே போனது. 2010-லே ஒரகடத்திலே ரெனோ-நிஸான், 2013-லே ராயல் என்ஃபீல்டு. முப்பது வருஷத்துக்குள்ளே ஏரியும் வயலுமாக இருந்த நாடு உலகத்துக்கே காரும் போனும் செய்கிற நாடாகிவிட்டது. ஆனால் ஒரே கூரைக்குக் கீழே எத்தனை ஜாதி மனுஷன்! நிரந்தரம் ஒரு ஜாதி, கான்ட்ராக்ட் ஒரு ஜாதி, டிரெயினி ஒரு ஜாதி, அப்ரண்டிஸ் ஒரு ஜாதி. சட்டை நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

என்னிடம் படித்த பையன் ஒருத்தன். வரலாறு படித்துவிட்டு வரலாற்றிலே வேலை கிடைக்காமல் இந்தச் சாலையிலே ஒரு உதிரிபாகக் கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் வந்தான். கம்பெனி பேர் வேண்டாம். பிரஸ்ஸிலே கை நசுங்கிவிட்டது. கான்ட்ராக்ட்காரர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலே சேர்த்து, கையிலே கொஞ்சம் ரொக்கம் கொடுத்து, “ரூமிலே வழுக்கி விழுந்ததாச் சொல்லு தம்பி, வேலை போகாம நான் பார்த்துக்கிறேன்”னு சொல்லியிருக்கிறார். பையனும் சொல்லிவிட்டான். கைக்கு ரொக்கம் வந்தது பாருங்க, அம்மா கேட்டது அதுதானே? கைநிறையப் பணம்! பத்து நாளிலே தீர்ந்துவிட்டது. வேலைக்குப் போகாமல் கிடந்தது மூணு மாசம்.

எனக்குப் போன் பண்ணினான். “இ.எஸ்.ஐ. நம்பர் என்னடா?”ன்னு கேட்டேன். “பிடிக்கிறாங்க சார், நம்பர் தெரியாது” என்றான். எட்டு மாசமாகப் பிடித்திருக்கிறார்கள். எண்ணும் இருக்கிறது. அட்டை இவன் கைக்கு வரவே இல்லை. ஒரு மூத்த தொழிலாளி கூடப் போய் நின்று விபத்து அறிக்கையை எழுத வைத்தார். பிறகு சம்பளத்திலே 90 சதவீதம் கணக்கிலே உதவித்தொகை வந்தது. மூணு மாசத்துக்கும். அட்டை முதல் நாளே கையில் இருந்திருந்தால் அந்தப் பொய்யும் தேவையில்லை, அலைச்சலும் தேவையில்லை. இது இவன் ஒருத்தன் கதையா என்று பார்த்தால், வாகனத் தொழிலிலே விபத்துப் பட்டவர்களை வடக்கே ஹரியானாவிலே ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு வருஷக் கணக்காக விசாரித்து வருகிறது. அதிலேயும் இதையேதான் கண்டார்கள்: பெரும்பாலானவர்களுக்கு விபத்துக்குப் பிறகுதான் அட்டை கைக்கு வந்திருக்கிறது.

தம்பிகளே, சில விஷயங்களை மனசிலே எழுதிக்குங்க. வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை மாசம் கட்டியிருக்கணும் என்ற நிபந்தனை கிடையாது. சேர்ந்த முதல் நாளே உரிமை. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் முதன்மை முதலாளி கட்டணும். முதலாளி தன் பங்கை உங்கள் சம்பளத்திலே பிடிக்கக் கூடாது. நோய் என்றால் வருஷத்திலே 91 நாள் வரைக்கும் 70 சதவீதச் சம்பளம். 91 நாள் என்றால் 13 வாரம். பிஸ்மார்க் சொன்ன அதே 13 வாரம்! தங்கைகளுக்கு, சந்தா நாட்கள் சரியாக இருந்தால் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். அதையும் ஒரு முதலாளி தன் பையிலிருந்து தரணும் என்று வைத்தால், கல்யாணம் ஆன பெண்ணை வேலைக்கு எடுக்கவே யோசிப்பார். பொதுப் பணத்திலிருந்து வரும்போது அந்த யோசனைக்கு வழி குறைகிறது.

“முதலமைச்சர் காப்பீடு இருக்கே, அது போதாதா?” என்று அம்மா கேட்டார்கள். 2009-லே கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012-லிருந்து முதலமைச்சர் திட்டமாக நடக்கிறது. நல்ல திட்டம், எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதன் வருமான வரம்பு 72,000-லிருந்து ஏறி ஆண்டுக்கு 1,20,000 ஆனது. மாதம் பத்தாயிரம். இந்தச் சாலையிலே வேலை பார்க்கிறவன் அதைத் தாண்டிவிடுகிறான். இன்னொன்று, அது ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்கும். அரிசிக்குக் கொடுக்காது. கம்பெனி எடுத்துக் கொடுக்கிற மெடிக்ளெய்மும் அப்படித்தான். வேலை போனால் அதுவும் போகும்.

“சரி, விருப்பப்பட்டவன் சேரட்டும், கட்டாயம் எதுக்கு?” விருப்பம் என்று வைத்தால் யார் முதலிலே வெளியே போவான்? இருபது வயசுப் பையன் போவான். எங்கப்பா போயிருப்பார்! நோயாளி மட்டும் உள்ளே இருப்பான். பணம் பத்தாது, பிடித்தம் ஏறும். ஏற ஏற இன்னும் கொஞ்சம் பேர் போவான். கடைசியிலே நோட்டு கிழிந்த மொய் மாதிரி ஆகிவிடும்.

ஆனால் ஐயா, நான் ஒருதலையாகப் பேசிவிட்டுப் போகத் தயாரில்லை. எதிரணி சொன்ன மூணு குறை உண்மை.

ஒன்று, தூரம். முதல் கார் வெளியே வந்தது 1998. ஸ்ரீபெரும்புதூருக்கு 100 படுக்கை இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டியது 2022. இருபத்து நாலு வருஷம்! அத்தனை வருஷமும் மாதம் தவறாமல் பிடித்தார்கள். பெரிய சிகிச்சை என்றால் அயனாவரம் போ, கே.கே. நகர் போ. பத்துக் கிலோமீட்டருக்குள் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகலாம் என்று விதி தளர்ந்ததே கொரோனா வந்த பிறகுதான்.

இரண்டு, உச்சவரம்பு. 1952-லே 400 ரூபாய். 1997-லே 6,500. 2010-லே 15,000. 2017 ஜனவரியிலே 21,000. அதற்குப் பிறகு எட்டு வருஷம் அசையவில்லை. சம்பளம் நூறு ரூபாய் கூடினதுக்காகக் காப்பீடு போகிறவன் இந்தக் கூட்டத்திலேயே இருப்பான். அவனுக்குச் சம்பள உயர்வு வரமா, சாபமா?

மூன்று, அப்ரண்டிஸ் சட்டத்தில் சேர்ந்த பிள்ளைகள் இதற்குள்ளேயே வரமாட்டார்கள். அதே மெஷின், அதே ஆபத்து, அட்டை மட்டும் கிடையாது. 1948 சட்டத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ளே கொண்டுபோய், 2025 நவம்பர் 21-லிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். அதிலேயும் இந்தக் கதவு திறக்கவில்லை.

2019-லே மொத்தச் சந்தாவை ஆறரை சதவீதத்திலிருந்து நாலு ஆக்கினார்கள். முதலாளிக்கு ஒன்றரை சதவீதம் லாபம், தொழிலாளிக்கு ஒரு சதவீதம். அன்றைக்கு எல்லாரும் கைதட்டினோம். அந்தக் காசுக்கு இங்கே ஓர் ஆஸ்பத்திரி முன்னாலேயே கட்டியிருக்கலாமே என்று கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். கையிலே குடு என்று நாம் கேட்டால், கையிலே கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியைக் கொடுக்காமல் விடுவது அவர்களுக்குச் சௌகரியம்!

ஆக, கட்டாயம் என்பது ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாது. என் காசைக் கட்டாயமாக எடுத்தால் எனக்குக் கட்டாயமாக வைத்தியம் கொடு. அதுதான் எங்கள் அணியின் வாதம். படகிலே ஓட்டை இருந்தால் அடைக்கச் சொல்லணும். நடு ஆற்றிலே இறங்கி நடந்து போறேன் என்று சொல்லக் கூடாது.

மக்கள் கருத்து என்ன என்று அம்மா கேட்டாங்க. 2021 மே மாசம், கொரோனா இரண்டாவது அலை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் கார் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். என்ன கேட்டார்கள்? உயிருக்குப் பாதுகாப்பு கேட்டார்கள். நோய் வாசலிலே வந்து நிற்கும்போது எவனும் 135 ரூபாயைத் திருப்பிக் கேட்பதில்லை. அதே வருஷம்தான், கொரோனாவிலே இறந்த காப்பீட்டாளர் குடும்பத்துக்கு அவர் சம்பளத்திலே 90 சதவீதம் மாதாமாதம் தர இ.எஸ்.ஐ. ஒரு திட்டம் கொண்டு வந்தது. அந்த வீடுகளிலே போய்க் கேளுங்கள் மக்கள் கருத்தை.

முடிக்கிறேன் ஐயா, மணி அடிக்க வேண்டாம். (சிரிப்பு) இது ராமானுஜர் பிறந்த ஊர். குரு ரகசியமாகக் கொடுத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்திலே ஏறி ஊருக்கே சொன்னவர் என்பது மரபு. தனக்கு நரகம் வந்தாலும் பரவாயில்லை, எல்லாரும் கரை ஏறட்டும் என்று சொன்னவர் பிறந்த மண்ணிலே, “நான் நல்லா இருக்கேன், எனக்கு எதுக்குப் பிடித்தம்?” என்ற பேச்சு கொஞ்சம் கூச்சப்பட வைக்கிறது. ஒருத்தர் ஐந்து ரூபாயிலே பெயர் தெரியாத ஒருத்தர் வீட்டு அடுப்பு எரிகிறது. நாளைக்கு அவர் ரூபாயிலே நம் வீட்டு அடுப்பு எரியும்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். வீட்டுக்குப் போனதும் சம்பளச் சீட்டை எடுங்க. இ.எஸ்.ஐ. எண் பத்து இலக்கம். இருக்கிறதா பாருங்க. இருந்தால் மனைவியிடமும் அம்மாவிடமும் சொல்லி வையுங்க. இல்லாவிட்டால் நாளைக்குக் காலையிலே மெஷினைத் தொடுவதற்கு முன்னாலே கேளுங்க. பிடித்தத்தைப் பிடிமானமாக்குவது அந்தப் பத்து இலக்கத்தைத் தெரிந்துகொள்வதிலேதான் இருக்கிறது.

தொழிலாளியைக் காப்பது கட்டாயக் காப்பீடே, அந்தக் கட்டாயம் எல்லாருக்கும் பொதுவாக இருக்கும்வரை என்று சொல்லி, நல்ல தீர்ப்பு தருவீர்கள் என்று நம்பி அமர்கிறேன். (நீண்ட கைதட்டல்)